வீட்டுப் பிள்ளையும் உள்நாட்டுப் போரும்

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பல வருடங்களாக அமெரிக்க வரலாறு நடத்துகிறேன். உள்நாட்டுப் போர் வரும்போது மட்டும் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டு லட்சக்கணக்கில் செத்தார்களே, எதற்காக என்று கேட்பேன். மாநில உரிமை, சுங்கவரி, பருத்தி என்று கைடில் இருப்பதை ஒப்பிப்பார்கள். மனிதரை மனிதர் சொத்தாக வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் சண்டை, மற்றதெல்லாம் அதற்கு மாட்டிவிட்ட சட்டை என்பேன் நான். பிரிந்து போன மாநிலங்களே அன்றைக்கு எழுதி வைத்த பிரகடனங்களில், அடிமை முறையைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று கூச்சமில்லாமல் சொல்லியிருக்கின்றன. கூச்சமெல்லாம் தோற்ற பிறகு வந்தது. இதையெல்லாம் பாடமாக நடத்தினேனே ஒழிய, புகுந்த வீட்டிலேயே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

என் கணவரின் அண்ணனை அத்தான் என்று கூப்பிடுவேன். குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் அவருக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது, கல்ஃபில் சம்பாதித்துக் கட்டியது. அங்கே முதலாளி இவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டு ஊருக்கு விடாமல் வைத்திருந்த கதையை அத்தான் சீசனுக்கு ஒரு தடவையாவது சொல்வார். அடிமை மாதிரி வைத்திருந்தான் என்னும்போது அவருக்குக் கண் கலங்கும். கேட்கிற எங்களுக்கும் கலங்கும். அந்த நேரம் பார்த்து அவருக்குக் காப்பி கொண்டு வந்து வைப்பவளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

சிவகிரிப் பக்கம் தாய் தகப்பன் இல்லாமல் நின்ற சின்னப் பிள்ளையாக அவளை அத்தான் கூட்டி வந்தார். ஊரே மெச்சியது. அவரை அப்பா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் பழக்கவில்லை. இப்போது அவளுக்கு முப்பதை ஒட்டிய வயது. லாட்ஜில் எல்லா அறைகளின் போர்வையும் துண்டும் அவள் கையில்தான் துவைபடும். சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி எங்கே காயும்? காலியான அறையில் ஃபேனைச் சுழலவிட்டு, கட்டில் கட்டிலாக விரித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பாள். சம்பளம் கிடையாது. மகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அத்தான் கேட்பார். அவர் பெற்ற மகள் கோயம்புத்தூரில் எம்பிஏ படித்தாள். அவள் ஒரு கைக்குட்டையை அலசிக்கூட நான் பார்த்ததில்லை.

போன ஆனியில் ஒரு நாள் இவள் மாற்றுச் சேலையோடு பஸ் ஏறி, தென்காசியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆய்க்குடிப் பக்கம் ஒரு காப்பகத்தில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்களாம். தங்க இடமும் மாதச் சம்பளமும் உண்டு, ஆவணியில் சேர வேண்டும், ஆதார் கேட்கிறார்கள் என்றாள். ஆதார் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. கேட்டதற்கு, உனக்கு எதற்கு அது என்று பீரோவைப் பூட்டிவிட்டாராம்.

முதலில் களத்தில் குதித்தவர் என் கணவர். சண்டை என்றாலே அவருக்கு ஆகாது. சீசனில் அவள் லாட்ஜில் இருக்கட்டும், மற்ற மாதங்களில் நம் வீட்டில் இருக்கட்டும், உனக்கும் ஒத்தாசை என்றார். சொல்லிவிட்டு, பெரிய நாட்டாமை மாதிரி என்னைப் பார்த்தார். 1820-இல் அமெரிக்காவில் இப்படித்தான் மேற்கே கிடைத்த புது நிலத்தின் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்குத் தெற்கே அடிமைகள் இருக்கலாம், வடக்கே கூடாது, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அந்தப் பேச்சுவார்த்தைக்கு அடிமை ஒருவரையும் கூப்பிடவில்லை. என் கணவரும் அடுக்களையில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறை வைத்துப் பாய்ச்ச அவள் என்ன வாய்க்கால் தண்ணீரா என்று கேட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அத்தான் அதற்கும் மேலே போனார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, அவளை யாரும் வீட்டில் சேர்க்கக் கூடாது, கண்டால் பிடித்து வைத்துத் தகவல் சொல்ல வேண்டும் என்றார். தப்பி ஓடிய அடிமையை வடக்கே இருப்பவனும் பிடித்துக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1850-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எங்கோ தெற்கே நடக்கிறது, நமக்கென்ன என்று இருந்தவன் அன்றைக்குத்தான் முறைத்துக்கொண்டான். எங்கள் வீட்டிலும் அதே கூத்து நடந்தது. சிவகிரியில் இருக்கும் என் பெரிய நாத்தனார் இத்தனை வருடத்தில் அவளை ஏறிட்டுப் பார்த்தவரில்லை. ஆள் பிடித்துக் கொடு என்றதும் கொதித்துப்போய், என்னைப் போலீசாக்கப் பார்க்கிறானா என்று என்னிடம் போனில் கத்தினார். தன்னை ஒருவன் ஏவினால்தான் இன்னொருத்தியை ஏவியது தப்பு என்று சிலருக்கு உறைக்கிறது. அவரும் எங்கள் பக்கம் சேர்ந்தார்.

பிறகு அத்தானே நேரில் வந்தார். சோபாவில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் பேசினார்.

“பெத்த மவ மாதிரி வச்சிருந்தேன். இவ போயி இன்னொருத்தர்கிட்ட சம்பளத்துக்கு நின்னா கேவலம் எனக்குல்லா.”

அவள் அடுக்களையிலிருந்து வந்தாள். தலை குனியவில்லை.

“என் கார்ட மட்டும் குடுத்துருங்கப்பா. வேற ஒண்ணும் கேக்கல.”

“அது எங்கிட்ட பத்திரமா இருக்கு. நீ வீட்டுக்கு வா, தாரேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “கல்ஃப்ல உங்க பாஸ்போர்ட்டும் அந்த ஆளுகிட்ட பத்திரமாத்தான இருந்துச்சு, அத்தான்” என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. அது வேறு, இது வேறு என்றார். ஆளை அடிமையாக வைத்திருந்தவன் எந்த நாட்டிலும் வேறென்ன சொல்லியிருக்கிறான்? இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என் கணவர் கேட் வரைக்கும் பின்னாலேயே போய்விட்டு வந்து, நீ இப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று என்மேல் விழுந்தார்.

ஆடியில் குலசாமி கோயில் கொடைத் திருவிழா வந்தது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து வரி போட்டு ஒரே பந்தலில் கொடை நடத்துவதுதான் வழக்கம். இந்தத் தடவை அத்தான் பக்கம் ஒன்று, எங்கள் பக்கம் ஒன்று என்று இரண்டு பந்தல், இரண்டு நையாண்டி மேளம். அந்தப் பந்தலில் சாப்பிட்டவர்கள் இந்தப் பந்தலுக்கு வரவில்லை. இரண்டு வில்லுப்பாட்டும் இரண்டு ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் அலற, சாமி எதைக் கேட்டதோ தெரியவில்லை. காரணம் கேட்டவர்களிடம், முதல் மரியாதை யாருக்கு என்பதில் தகராறு என்றார்கள். அத்தான் ஆட்கள் மட்டுமில்லை, எங்கள் பந்தலிலும் அதையேதான் சொன்னார்கள். துணி துவைக்கிற ஒருத்திக்காகப் பிரிந்தோம் என்று சொல்ல இரண்டு பக்கத்துக்கும் நாக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச வருடம் போனால் அந்த முதல் மரியாதைதான் வரலாறு. அதை ஒப்பிக்கவும் பிள்ளைகள் வருவார்கள்.

இத்தனை அமளியிலும் அட்டை பீரோவை விட்டு வரவில்லை. கொடை முடிந்ததும் அவளை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போனேன். அட்டை இல்லாவிட்டாலும் விரலை வைத்தால் எண்ணைக் கண்டுபிடித்து எடுத்துத் தருவார்கள். இது தெரியாமல் அத்தான் ஒரு பீரோவைப் பூட்டிக் காவல் காத்தார் என்று வழியெல்லாம் நக்கலடித்துக்கொண்டே போனேன்.

விரலை வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்து வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றிலும் ரேகை விழவில்லை, சோப்பும் சலவைக் காரமும் தின்று எல்லாம் வழவழவென்று கிடந்தது. அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அவர் பீரோவில் பூட்டி வைத்தது போக மிச்சத்தை விரலிலிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள். கண் பொருந்தியது. தாள் அச்சாகி வரும் இடைவெளியில் அந்தப் பெண் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

“விரலு இப்படித் தேஞ்சிருக்கே, என்ன வேலக்கா பாத்தீங்க?”

“வேலைக்கெல்லாம் போகல,” என்றாள் இவள். “வீட்டுலதான் இருந்தேன்.”

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அச்சான தாளை அந்தப் பெண் என்னிடம் நீட்டினாள். அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.