கதிருக்கு அடியில் ஒரு சிறகு

என் மூத்த மனைவியின் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். முதல் உலகச் சண்டையின்போது கிரேக்க தேசத்துப் பக்கம் போனவர், அங்கே ஏதோ ஒரு கடைத்தெருவில் வாங்கிய பழைய வெள்ளிக் காசு ஒன்றைக் கொண்டுவந்து தங்கையின் கல்யாணச் சீர்த்தட்டில் வைத்தார். "சீலை எவன் வேணா எடுத்துக் குடுப்பானுங்க. எந்தங்கச்சிக்குக் கடல் தாண்டி வந்த காசு!" என்றார். பந்தலில் இருந்த கிழவர் ஒருவர், "செல்லாத காசக் குடுத்துப்போட்டுப் பேச்சப் பாரு" என்றார். பந்தலே சிரித்தது.

காசில் ஒரு தானியக் கதிர் இருந்தது. நெல்லும் இல்லை, கம்பும் இல்லை. மீசை நீண்ட ஏதோ சீமைக் கதிர். அதற்கு அடியில் சாய்வாக இன்னொன்று மங்கலாகத் தெரிந்தது, சிறகு மாதிரி.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். பார்சல் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தே உலகம் தெரிந்துகொண்டவன். ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருவரிடம் காசைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு ஊர்க் காசப்பா. அடியில இருக்கறது சிறகு முளைச்ச குதிரை. அது ஒரு ஊர் முத்திரை. வியாபாரத்துல கைமாறி வந்ததும், இன்னொரு ஊர்க்காரன் அதை உருக்காம, காய்ச்சி, தன் கதிர் அச்சை மேலே வைச்சு அடிச்சுட்டான். அடி சரியா விழாத இடத்துல பழசு தங்கிப்போச்சு" என்றார்.

வீட்டில் வந்து சொன்னபோது மூத்தவள் கேட்டாள், "அப்ப அந்தக் குதிரைக்காரன் கோவிச்சுக்க மாட்டானுங்களா?" அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது பிரசவத்தில் அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. மூன்று வயது மகள் மிஞ்சினாள்.

மறுவருடம் சங்ககிரியில் இருந்து இரண்டாந்தாரமாக ஒருத்தியைக் கட்டி வைத்தார்கள். செத்துப்போன மூத்தவளின் வெள்ளியில் ஒரு துண்டை இளையவள் கழுத்தில் கட்டிக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கம் சில வீடுகளில் உண்டு. மூத்தவள் குறுக்கே வராமல் இருப்பதற்காம். அந்தக் காசுக்கு வளையம் வைத்து மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் குளிக்கும்போதும் கழற்றவில்லை. மடியில் படுத்த குழந்தை காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, "கதிரு நானு சாமி. அடியில றெக்க தெரியுது பாரு, அது உங்கம்மா" என்பாள். மூத்தவளுக்கு ஒரு போட்டோகூட எடுத்து வைக்காத வீட்டில் குழந்தைக்கு அந்தச் சிறகுதான் தாய் முகம்.

ஆறாவது வயதில் குழந்தைக்கு அம்மை போட்டது. ஏழாம் நாள் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டன.

ரயில்வே ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் போகவில்லை. வாசலில் வேப்பிலை செருகி, தாளிதம் நிறுத்தி, வெளியாளை உள்ளே விடாமல் இருந்தோம். "ஆத்தா வந்திருக்கற ஊட்டுக்குள்ள டாக்டரு காலு வெச்சா, ஆத்தா கண்ணப் புடுங்கிக்கிட்டுப் போயிருவா" என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனாள். பத்திரிகைத் தாளில் அம்மை குத்துவதைப் பற்றிப் படித்து, பார்சல் ஆபீசில் எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். என் வீட்டில் வந்தபோது தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது இளையவள் கழுத்தில் வெறுங்கயிறு கிடந்தது. மஞ்சள் துணியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு ஜோடிக் கண்மலர். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போடுகிற வெள்ளிக் கண்கள். வீட்டில் வேறு வெள்ளி இல்லை. ஆசாரி காசை இரண்டாக வெட்டி, காய்ச்சித் தட்டி, கண் அச்சை வைத்து அடித்திருந்தார். ஒரு கண்ணில், கருவிழியை ஒட்டி, அந்தச் சிறகின் நுனி இன்னும் இருந்தது.

"அது போகவே மாட்டேங்குதும்மா, இன்னும் அடிச்சாத் தகடு கிழிஞ்சிரும்னு ஆசாரி சொன்னாருங்க. இருக்கட்டும்னு உட்டுட்டேன். அக்கா வெள்ளி, அக்கா பெத்த கண்ணுக்கே போவட்டுமுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் கழுத்துல பாரமாக் கெடந்தவள ஒருவழியா எறக்கிட்டயா?" என்றேன். அவள் துணியை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றியபின் குழந்தை கண் திறந்தாள். இரண்டும் இளநீர் வழுக்கை போல வெளுத்திருந்தன. அதற்கப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "இமை ஒட்டி எத்தனை நாளாச்சு?" சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அந்தக் கண்மலரைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பூசாரி ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் காட்டினார். "இதுலதான் கெடக்கும், பாருங்க. ஆத்தா இந்த வருசம் நெறைய ஊட்டுக்குப் போயிருக்கா." தாம்பாளம் நிறைய வெள்ளிக் கண்கள். ஒரே அச்சில் அடித்தது போல எல்லாம் ஒன்றாக இருந்தன. விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறிப்போய், எதில் சிறகு, எதில் வெறும் அழுக்கு என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "கொஞ்சம் ஒதுங்குங்க, போடோணும்" என்றாள். அவள் உள்ளங்கையிலும் ஒரு ஜோடி.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் காலடி கேட்டுக் குழந்தை தலையைத் திருப்பினாள்.

"அப்பா, கோயிலுக்கா போனீங்க? றெக்க இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு சாமி."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அடுப்படியில் இளையவள் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்திலிருந்தே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கழுத்துக் கயிற்றை ஒருதரம் தொட்டுவிட்டு, மறுபடி அரிசி களைய ஆரம்பித்தாள்.