ஸகியா வீட்டுச் சிக்னல்

கல்முனைக்குடியில் கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே ஸகியாவின் வளவு. அவளுடைய வாப்பா மருதமுனையிலிருந்து அங்கே மாப்பிள்ளையாக வந்த மனிதர். ஆண்பிள்ளை இல்லை, இரண்டே பெண்கள். முன்வீட்டை மூத்தவள் ஸகியாவுக்கும் பின்வீட்டை இளையவள் நுஸ்ஹாவுக்கும் சீதனமாக எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் மௌத்தானார். ஸகியாவின் புருஷன் றிம்சான் கட்டாருக்குப் போய் ஒன்பது வருடம். அவள் அபாயா தைத்து, படம் எடுத்து, போனிலேயே விற்றாள். அதனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வைஃபை அவள் பெயரில் இருந்தது. ரவுட்டர் அவள் வீட்டு அலுமாரிக்கு மேலே பச்சை வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.

அதை அவள் சும்மா விட்டுவைக்கவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் வீட்டு இணைப்பில் யாரோ புகுந்து முகநூலில் கண்டதையும் எழுதிப்போட, பொலிஸ் அந்த வீட்டு மனிசனைக் கூப்பிட்டு இரண்டு நாள் அலைக்கழித்தது. எழுதியவன் எவனோ, பெயர் இருந்தவர்தான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று முதல் ஸகியா காலையும் அசர் தொழுகைக்குப் பிறகும் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தப் போன் உள்ளே நிற்கிறது என்று பார்ப்பாள். இலக்கமும் எழுத்துமாய்க் கிடந்த வரிகளுக்கெல்லாம் முறை சொல்லிப் பெயர் வைத்தாள். உம்மா. நுஸ்ஹா. நுஸ்ஹா மாப்பிள்ளை. றிபாத்ட உம்மா.

றிபாத் நுஸ்ஹாவின் புருஷன். அவனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததே ஸகியாதான். கலியாணத்தன்று வீட்டுச் சாவியோடு பாஸ்வேர்டையும் எழுதிக் கையில் கொடுத்தாள். அவனுடைய உம்மாவின் வீடு பின்மதிலுக்கு அந்தப் பக்கம். சிக்னல் அங்கேயும் எட்டும். நுஸ்ஹாவின் மாமியான அவள் அதில்தான் குவைத்தில் இருக்கும் மற்ற மகனோடு கதைப்பாள். நாலு வருடம் றிபாத் கைநீட்டியதெல்லாம் பொறுத்து, காதி நீதிமன்றம் வரை போய் நுஸ்ஹா அவனிடமிருந்து பிரிந்தாள்; சின்ன மகள் அவளோடு இருந்தாள். அவன் தாய் வீட்டுக்குப் போனான். அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்று ஸகியா நினைத்தாள்தான். உம்மா விடவில்லை. மருமகன் போனாலும் மாமி மாமிதானே, வேலிக் கடப்பில் முள் வைத்து அடைப்பது போல ஆகிவிடும் என்றாள். ஸகியாவுக்கும் மனம் வரவில்லை. 'நுஸ்ஹா மாப்பிள்ளை' என்ற அந்த வரியின் பெயரைக்கூட அவள் மாற்றவில்லை.

பிரிந்தவள் இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு நுஸ்ஹாவுக்குக் கலியாணப் பேச்சு வரத் தொடங்கியது. முதலாவது சம்மாந்துறையிலிருந்து. வந்து, சாப்பிட்டு, சிரித்துப் போனவர்கள் மறுநாள் வேண்டாம் என்றார்கள். இரண்டாவதும் அப்படியே. உம்மா கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். பத்து நாள் கழித்து, இரண்டாவது வந்த மாப்பிள்ளையின் சகோதரி அபாயாவுக்கு அளவு கொடுக்க வந்தவள், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அவர்கள் வந்துபோன அன்று பொழுதுபட, பெயர் சொல்லாத ஒருவன் கோல் எடுத்தானாம். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்றானாம். வெள்ளை வேனில் ஐந்து பேர் வந்தது, ஒருவர் பொல்லு ஊன்றி இறங்கியது, எல்லாம் சரியாகச் சொன்னானாம்.

பொல்லு ஊன்றியவர் இறங்கியது வாசல் கேற்றுக்கு உள்ளே. அதைப் பார்க்கக்கூடியது கேற்றுக்கு மேலே இருக்கும் கமரா ஒன்றுதான். அதை அங்கே பொருத்திப் பூட்டியவன் றிபாத். வீட்டுச் சிக்னலுக்குள் நிற்கும் போனில் மட்டும் படம் தெரியும். அவன் போனில் அது இன்னும் இருக்கும். இந்தக் கரையில் முகம் தெரிந்தால் குடும்பம் தெரிந்துவிடும், குடும்பம் தெரிந்தால் நம்பர் எடுக்க எவ்வளவு நேரம்? தினமும் இரண்டு வேளை அந்த வரியைப் பார்த்தும் அவள் பார்க்காதவளாய் இருந்திருக்கிறாள். மாமி வீட்டு மரியாதை கண்ணை மறைத்திருந்தது.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினாள். உம்மாவுக்கும் நுஸ்ஹாவுக்கும் மட்டும், காரணத்தோடு, சொன்னாள். இரண்டு நாளில் மாமி கேற்றடியில் வந்து, சிக்னல் போயிற்றே என்று கேட்டாள். பழுது என்று ஸகியா பொய் சொன்னாள்.

மூன்றாவது பேச்சு அக்கரைப்பற்றிலிருந்து. மனைவி மௌத்தான மனிசன், இரண்டு பிள்ளைகள். அசருக்குப் பிறகு நாலு பேர் வந்தார்கள். உம்மா வட்டிலப்பம் வைத்து உபசரித்தாள். நுஸ்ஹா தலையைக் குனிந்தபடி பிளேன்டிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளையின் பெரியப்பா, நல்ல நாள் பார்ப்போம் என்று சொல்லித் தன் நம்பரையும் கொடுத்தார். அவர்களை வழியனுப்பிவிட்டு ஸகியா போனைத் திறந்தாள். 'நுஸ்ஹா மாப்பிள்ளை' என்ற பழைய வரி, உள்ளே. நாற்பது நிமிடமாக உள்ளே.

றிபாத்தின் போனை இணைப்பிலிருந்து வெட்டிவிட்டு, பின்வீட்டுக் குசினிக்குப் போனாள். நுஸ்ஹா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். பாஸ்வேர்ட் அவனுக்கு எப்படிப் போனது என்று ஸகியா கேட்டாள்.

"நான்தான் மாமிட போனுக்கு அனுப்பின ராத்தா."

"அவன் எடுப்பான் எண்டு தெரியாதா உனக்கு?"

"தெரியும். தெரிஞ்சிதான் அனுப்பின." நுஸ்ஹா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "அவர் சொல்றது பொய்தான். அந்தப் பொய்தான் ரெண்டு தரமும் என்னைக் காப்பாத்தின. எனக்கு இன்னொரு மாப்பிள்ள வேணாம்."

ஸகியா குசினிப் பலகையில் குந்திக்கொண்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாயால் சொல்லியிருக்கலாமே, இப்படி உன் தலையிலேயே மண் அள்ளிப் போட்டுக்கொண்டாயே, நாளைக்கு உன் மகளையும் வலிப்புக்காரியின் பிள்ளை என்பார்களே என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் முடிந்த பிறகு நுஸ்ஹா கேட்டாள்.

"முதல் தரம் சொன்னனே, றிபாத் மச்சான் வேணாம் எண்டு. நீங்க கேட்டயளா?"

நல்ல குடும்பம், மதிலுக்கு அந்தப் பக்கம், பிள்ளை கண்ணுக்கு முன்னே இருப்பாள் என்று அன்று ஸகியாதான் அந்தக் கலியாணத்தை முடித்தாள்.

பொழுதுபடும் மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. றிபாத் அழைப்பதற்கு முன்னே தானே சொல்லிவிடுவது என்று ஸகியா அக்கரைப்பற்றுக்குக் கோல் எடுத்தாள். பெரியப்பா ஸலாத்துக்குப் பதில் சொன்னார். பிள்ளைக்கு விருப்பமில்லை, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள் ஸகியா.

"விருப்பமில்லயா, வேற ஏதுமா மகள்?" என்றார் அவர். "இப்பதான் ஒருத்தர் கோல் எடுத்த. புள்ளைக்கு வலிப்பு வருத்தமாமே. நாங்க வேணாம் எண்டு சொல்ல முந்தி நீங்க சொல்றயளோ?"

இனி என்ன சொன்னாலும் வருத்தத்தை மறைக்கப் பார்ப்பது போலத்தான் கேட்கும். நுஸ்ஹா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை ஸகியாவிடமிருந்து வாங்கினாள்.

"பெரியப்பா, நான் நுஸ்ஹா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கோல் எடுத்தவர் என்னை அடிச்ச மனிசன். வேணாம் எண்டு சொல்றது நான்தான். உங்க மகன்ல ஒரு பிழையும் இல்ல."

அந்தப் பக்கமிருந்து சரி என்ற ஒரு சொல். ஸலாம் சொல்லாமலே வைத்துவிட்டார். அவர் எதை நம்பினார் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா கதவைச் சாத்தினாள். மூன்று நாள் இரண்டு மகள்மாரோடும் கதைக்கவில்லை.

ஸகியா மறுபடி பாஸ்வேர்டை மாற்றினாள், கமராவைக் கழற்றினாள், மாமியின் போனையும் வெட்டினாள். மாமி ஒருநாள் கேற்றடியில் வந்து நின்றபோது பழுது என்று சொல்லவில்லை. உங்கள் மகன் செய்தது இது என்று முழுவதையும் சொன்னாள். மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, இனிக் குவைத்துப் பிள்ளையோடு கதைக்க வேறு வழி பார்க்கிறேன் மகள் என்று மட்டும் சொல்லிப் போனாள்.