கம்பளி கேட்ட கடிதம்

1981 மார்கழி பிறந்த வாரம், அம்பகரத்தூர் அல்லிக்குப் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. சவூதிப் பாலைவனத்தில் குழாய் பதிக்கும் கம்பெனிக்குப் போயிருந்த கருப்பையன், 'குளிர் தாங்க முடியவில்லை, யாராவது வந்தால் நல்ல கம்பளி ஒன்று கொடுத்தனுப்பு' என்று எழுதியிருந்தான்.

அல்லி எட்டாவது படித்தவள். நடவில் இறங்கினால் முதல் ஆளாக மறுவரப்பைத் தொடுகிறவள். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவளும் அவள்தான். அந்தப் பழக்கத்தில், கோவில்பத்திலிருந்து வந்திருந்த தாய்மாமன் முத்தையன் எதிரிலேயே இதையும் உரக்கப் படித்துத் தொலைத்தாள்.

முத்தையன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தூரப் பயணம் போனவர். டூரிஸ்ட் பஸ்ஸில் ஊட்டி. இரண்டு நாள் பல் தந்தியடித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து, உலகத்துக் குளிர் மொத்தமும் ஊட்டியில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

"பாலைவனத்துல குளுருதாமா? நம்மூருக்குக் கத்திரி இருபத்தஞ்சு நாளு, அங்க வருசம் பூரா கத்திரிம்மா. மாப்ள அரேபியாவுக்கே போவல. ஊட்டில எவளோடயோ குடித்தனம் பண்றான்."

"கவர்ல சவூதி ஸ்டாம்பு இருக்கே மாமா?"

"கூட்டாளி மன்சூர் அலி அங்கதானே இருக்கான்? இவன் எழுதி அனுப்ப, அவன் அங்கேருந்து போடுறான். மாசி பொறக்கட்டும். வண்டியோட வந்து உன்னையும் பெட்டியையும் ஏத்திக்கிட்டுப் போயிடுறேன். எந்தங்கச்சி மவ ஏமாந்து நிக்கக் கூடாது."

அல்லி சிரித்துத்தான் அனுப்பினாள். சோற்றைப் பிசைந்தபோதுதான் உறுத்தியது. ஆடியில் வந்த கடிதத்தில், 'இரும்புக் குழாயைத் தொட்டால் கை கொப்பளித்துப் போகிறது' என்று எழுதியிருந்தான். அதே இடத்தில் ஐந்தே மாதத்தில் கம்பளிக் குளிரா? அவன் விமானம் ஏறியதை அவள் கண்ணால் பார்க்கவுமில்லை.

மறுநாள் பஸ் ஏறிக் காரைக்கால் போய், மன்சூர் அலியின் மனைவி சஃபியாவைப் பிடித்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு எழுதுறப்ப, பொங்கல் முடிஞ்சதும் அங்க நம்ம ஆளுங்க எப்படிக் கொண்டாடுனாங்கன்னு விவரமா எழுதச் சொல்லுங்க. நான் கேட்டதா மட்டும் எழுதிடாதீங்க."

"என்ன புள்ள, போலீஸ் வேலையா?"

"ஆமாக்கா. சம்பளம் இல்லாத போலீஸ்."

அதே கேள்வியைத் தன் புருஷனுக்கும் எழுதிப் போட்டாள்.

மாசி முதல் தேதி, சொன்ன சொல் தவறாமல் முத்தையன் மாட்டுவண்டியோடு வந்து நின்றார். அல்லி இரண்டு கடிதங்களோடு வெளியே வந்தாள்.

"உக்காருங்க மாமா. மொதல்ல உங்க மாப்ள எழுதுனது." படித்தாள்: "'பொங்கலன்று விடியற்காலையில் தலை முழுகி, பயபக்தியோடு பொங்கல் வைத்தேன்.'"

"ஊட்டிலயும் பொங்கல் வைக்கலாம்."

"இது மன்சூர் அலி அண்ணன், சஃபியாக்காவுக்கு எழுதுனது. 'இங்கே மேலே மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மணல் பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுகிறது. பொங்கலன்று காலை கேம்ப் தெர்மாமீட்டரில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. அம்பகரத்தூர்க் கருப்பையன் உச்சந்தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, விபூதியைப் பட்டையாகப் பூசிக்கொண்டு, குளித்தாயிற்று என்று பொங்கல் வைத்தார். கேம்ப்பே சிரித்தது. பொங்கல் நன்றாக இருந்தது.'"

முத்தையன் விடவில்லை. "ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!"

"கூட்டுச் சேந்து பொய் சொல்றவங்க ஒரே பொய்யத்தானே சொல்லணும்? இவரு குளிச்சேங்கறாரு, அவரு போட்டுக் குடுக்குறாரு. பக்கத்துலயே இருந்து பாத்தவருக்குத்தான் மாமா இது தெரியும்."

முத்தையன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு யோசனை வந்தது.

"அப்ப, பொங்கலும் அதுவுமா குளிக்காதவனோடயா நீ வாழப் போற?"

"வாழப் போறேன். வரட்டும், வாய்க்கால்ல போட்டு வைக்கோலால தேய்க்கிறேன்."

முத்தையன் வண்டியில் ஏறப் போனார். அல்லி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டிய ஏன் மாமா சும்மா ஓட்டிக்கிட்டுப் போறீங்க? உள்ள நாலு மூட்டை நெல்லு கிடக்கு. போற வழில காரைக்கால் மில்லுல எறக்கிட்டுப் போங்க."