ஓட்டும் முன்பே எழுதிய ரிசல்ட்

இன்று எங்கள் செல்லூர் சாஃப்ட்வேர் ஆபீசில் ஒரு இன்டர்வியூ. டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்திருந்த பெண், கம்ப்யூட்டர் சயின்ஸில் நல்ல மார்க்.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் சின்ன புரோகிராம் கேட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

அவர் கீபோர்டைத் தொடவில்லை. தாள் வாங்கி, மார்ஜின் போட்டு, கல்லூரி லேப் ரெக்கார்டில் எழுதுவதுபோலவே நோக்கம், செய்முறை, புரோகிராம் என்று எழுதினார். கடைசியில் ‘ரிசல்ட்’ என்று அடிக்கோடிட்டு, புரோகிராம் வெற்றிகரமாக ஓடியது என்று முடித்தார்.

“ஏம்மா, இன்னும் ஓட்டியே பாக்கலையே?”

“லேப்ல இப்படித்தான் சார் எழுதுவோம். இல்லாட்டி கையெழுத்துப் போட மாட்டாங்க.”

பிறகு டைப் செய்து ஓட்டினார். திரை முழுக்க எரர். முகம் வாடிவிட்டது.

“இப்ப என்ன சார் எழுத?”

அந்த ரெக்கார்டில் எரருக்குத் தலைப்பே கிடையாது. இங்கே எங்களுக்குப் பாதிச் சம்பளம் எரரைத் தேடுவதற்குத்தான்.

“ஒண்ணும் எழுத வேணாம். எங்க தப்புன்னு தேடும்மா.”

தேட ஆரம்பித்தவர், சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. “நீங்க போங்க சார், இன்னும் இம்புட்டுத்தான், வாரேன்.”

சாப்பிட வரவேயில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார்.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் நண்பர்களே, ரிசல்ட்டுக்கு மேலே ‘எரர்’ என்று ஒரு தலைப்பு சேர்க்க முடியுமா? தாளில் இடமில்லை என்றால், மார்ஜினைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.