திரையில் தெரியாத மாப்பிள்ளை

தங்கையின் கல்யாணம் கனடாவில் நடந்தது. அம்மா அங்கே போயிருந்தாள். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. விமானத்தில் ஏறக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டதால், அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தங்கினேன்.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை கனடாவில் தங்கை தானே தேர்ந்தெடுத்த பையன். அப்பா அவனை வீடியோ காலில்தான் பார்த்திருந்தார், அதுவே அவருக்குப் போதாமல் இருந்தது.

"எந்நேரமும் அந்த வெள்ளைச் செவுரு முன்னாடியே உக்காந்து பேசுதான். வீட்டைத் திருப்பிக் காட்டவே மாட்டேங்கான்" என்றார் ஒருநாள்.

"வாடகை வீடுப்பா. காட்ட என்ன இருக்கும்?"

"வாடகை வீட்டுக்கு ஒரு செவுருதானா?"

சந்தேகத்தில் நானும் அவர் மகள்தான். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர் ஏதோ வீடியோ பார்க்கப்போக, 'இதைப் பார்க்க பிளக்கின் என்ற துணை நிரலை ஏற்ற வேண்டும்' என்று திரையில் பெட்டி வந்திருக்கிறது. அவரும் அழுத்திவிட்டார். வந்தது வைரஸ். மறுநாள் காலையில் ஆபீஸில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஏற்றுமதிக்குப் போகவேண்டிய சரக்கு பில் இல்லாமல் குடோனில் கிடந்தது. முதலாளி என் மேஜைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினேன், என் லேப்டாப்பையும். அதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. நான் அதில் ஒரு வரியும் படித்ததில்லை. ஆனால் யாராவது படித்துப் பார்க்க முடியும் என்பதே எனக்கு நிம்மதி. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத எதையும் அதில் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன்.

கல்யாணத்தை நேரலையில் காட்ட மாப்பிள்ளை வீட்டார் ஒரு வீடியோக்காரரை ஏற்பாடு செய்திருந்தார்கள். இணைய முகவரியும் பாஸ்வேர்டும் வந்தன. போன் திரை அப்பாவின் கண்ணுக்குப் போதாது. அதனால் லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். அங்கே காலை, இங்கே சாயங்காலம். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவரைப் போலத் தயாராகி வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து சித்தப்பாவும் வந்தார்.

பாஸ்வேர்டைப் போட்டதும் மணமக்கள் பெயர் அலங்கார எழுத்தில் வந்தது. அதன் கீழே படம் வரவேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. திரையின் உச்சியில் பிரவுசர் ஒரு பட்டை காட்டியது: இந்த வீடியோ நகலெடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது, பார்க்க ஒரு பிளக்கினைச் சேர்க்க வேண்டும், சேர்க்கலாமா?

எனக்கு டிஸ்பாட்ச் மேஜை ஞாபகம் வந்தது. இது அதுபோன்ற போலி இல்லை, பிரவுசரே கேட்கிறது என்று தெரியும். ஆனாலும் அந்த பிளக்கின் ஒரு பெரிய நிறுவனம் மூடிக் கொடுப்பது. உள்ளே என்ன என்று வெளியாள் பார்க்க வழியில்லை. ஒரு கல்யாணத்தைக் காட்ட எதற்குப் பூட்டு? பக்கத்தை மூடித் திறந்தேன். வேறு பிரவுசரில் போட்டேன். அதே கறுப்பு.

அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நமக்கு மட்டும் திரையப் போட்டுட்டாவளா?"

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"பொறவு என்ன? எதையோ மறைக்கப் போய்த்தானே இருட்டா இருக்கு. ஒங்கம்மாவுக்குப் போனைப் போடு."

போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அப்பாவின் முகம் இறுகியது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

அதற்குள் சித்தப்பா தன் போனில் அந்த முகவரியைத் திறந்துவிட்டார். "அண்ணே, இதுல தெரியுது பாருங்க." உள்ளங்கை அளவுத் திரையில் ஏதோ சிவப்பும் மஞ்சளும் அசைந்தன. நாதஸ்வரச் சத்தம் கேட்டது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டுவிட்டது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அவிய மறைக்கலை. ஒம் பெட்டிதான் மறைக்குது."

"போன்ல அது மொதல்லயே இருக்கும். இதுல புதுசா ஒண்ணு ஏத்தணும்ப்பா. அது உள்ள என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது."

"ஏட்டி, அங்க இருக்கிறது ஒன் தங்கச்சி. செத்த நேரத்துல தாலி கட்டிருவான்."

அழுத்தினேன். ஏதோ இறங்கியது. கறுப்பு விலகிப் படம் வந்தது, மங்கலாக. நகலெடுத்துவிடுவேனோ என்று என் லேப்டாப்பை நம்பாமல் அந்தத் தளம் மட்டமான படத்தைத்தான் கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நானும் அதை நம்பவில்லையே. மங்கலிலும் தங்கையின் நடுவகிடு தெரிந்தது. அம்மா அவள் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தான். முதல் முடிச்சு விழாமல் நழுவியது. யாரோ சிரித்தார்கள். அவன் மறுபடியும் முயன்றான்.

"கை நடுங்குது பாத்தியா?" என்றார் அப்பா. "எம்புட்டுப் பேரை விசாரிச்சிருக்கேன். ஏமாத்துதவன் கை இப்படி நடுங்காது." அட்சதை போடுவதுபோல் கையை டிவியை நோக்கி உயர்த்தினார். சித்தப்பா மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டான். அப்பா அவனிடம் கேட்ட முதல் கேள்வி, கல்யாண வீடியோவுக்கு எதற்குப் பூட்டு என்பதுதான். "தெரியல மாமா, வீடியோக்காரர் செஞ்சது. கேட்டுச் சொல்றேன்" என்றான் அவன். போனை வைத்ததும் அப்பா, "தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லுதான்" என்றார். குரலில் திருப்தி இருந்தது.

எனக்கு அந்தத் திருப்தி வரவில்லை. லேப்டாப்பில் தனியாக ஒரு கணக்கை உருவாக்கி, பிளக்கினை அதில் மட்டும் வைத்தேன். என் கணக்கிலிருந்து நீக்கினேன். அடியோடு எடுத்துவிட முடியவில்லை, அப்பா வாரம் ஒருமுறையாவது தளத்தில் இருக்கும் கல்யாணப் பதிவைப் போடச் சொல்கிறார். அவர் பார்த்து முடித்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுகிறேன். அது உள்ளே இருக்கும்போது சும்மா மூடி வைக்க மனம் வருவதில்லை.