கதையில் வந்தவனுக்குப் பாடு இல்லை

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு. அடுத்தவன் நாளில் வலை போட்டால் நம் பாடு போய்விடும். அதற்கு மேல் பேச்சில்லை.

என் மகள் அனுப்பம்பட்டில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறவள். கல்லூரி மலரில் ஒரு கதை எழுதினாள். "நான் அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டேன்" என்று ஆரம்பம். ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளை அல்ல, என்னை. மறுநாள் என் பாடு.

"எழுத்துல ஒத்துகினியே," என்றார் தலைவர்.

"நான் எழுதல."

"உம் பொண்ணு எழுதிச்சு. அது வலை போடுமா? போடாது. உங்க ஊட்ல வலை போடறது யாரு?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மகள் எழுந்தாள். "அது நானும் இல்ல, நைனாவும் இல்ல. கதை சொல்றவன். நானா நெனச்சிகின ஆளு."

"அவன் எந்த ஊரு?"

"ஊரு கெடயாது மாமா."

"ஊரு இல்லாதவனுக்கு நம்ம ஏரியில இன்னா வேல?"

கதையில் அவன் மனைவி காய்ச்சலில் செத்துப்போகிறாள். சாட்சிக்கு மகள் அதைப் படித்துக் காட்டினாள். பெண்கள் பக்கமிருந்து என் மனைவி கத்தினாள். "அப்போ நான் இன்னா, பொணமா?"

தலைவர் யோசித்தார். "'நான்'னு போட்டதாலதான் தகராறு. 'அவன்'னு மாத்திடும்மா."

மகள் அங்கேயே மாற்றிப் படித்தாள். "அவன் அடுத்தவன் பாடு நாளில் வலை போட்டான்."

ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். தலைவரின் மச்சான் எழுந்தார்.

"யாரச் சொல்ற? அன்னிக்குக் காத்து தள்ளிகினு போச்சு. வேணும்னு போடல."

"ஒன்ன யாருய்யா கேட்டா?" என்றது ஒரு குரல்.

தலைவர் மச்சானின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "வேணாம்மா. பழையபடி 'நான்'னே இருக்கட்டும்."

"என் பாடு?" என்றேன்.

"நீ போப்பா. கதையில வர்றானே, அவனுக்குத்தான் பாடு கெடயாது."

மறுநாள் போனேன். இறால் பட்டது. கரையில் கூடையை வாங்கிய மனைவிக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"காய்ச்சல்லயா சாவேன் நானு? ஒரு புயல் கூடவா கெடைக்கல அவளுக்கு?"

இப்போதும் பாடு யாருக்கு என்று சீட்டு எடுக்கும் முன், "கதையில வந்தவனுக்குப் பாடு இல்ல" என்று தலைவர் சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார். யாரும் சிரிப்பதில்லை. அவனும் வந்து கேட்டதில்லை.