பதனி காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமைகள்

அப்பா குடியை நிறுத்திய வருடம், எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்தது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

மற்ற ஆறு நாளும் தாராவித் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வருவார், சோறு தின்பார், படுத்துவிடுவார். ஞாயிறு லீவு. எங்கள் சந்திலிருந்து இரண்டு சந்து தள்ளிக் கள்ளச் சாராயம் விற்கும் அட்டா. மதுவிலக்கு ஊரில்தான் அது காலையிலேயே திறக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டவன் நான். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்து தெரிந்தவனே நான் ஒருவன்தான். ஈரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஒரு வருடம் தாங்காது என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற அப்பா, "என்னல சொல்லுதாரு?" என்று கேட்டார். "குடிக்கக் கூடாதாம்ப்பா" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அம்மாவிடம் மட்டும் முழுதும் சொன்னேன்.

அம்மா அழவில்லை. மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்குப் போனாள். அவள் தம்பி, என் மாமா, அங்கே பனை ஏறிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் பக்கம் லைசென்ஸ் வாங்கிய ஒரு பதனிக் கடைக்குத் தினமும் இறக்கிக் கொடுப்பார். ஞாயிறு ஆபீஸ் கூட்டம் கிடையாது, கடையும் கிடையாது. ஆனால் பனைக்கு லீவு தெரியுமா? அன்றைக்கும் பாளை சீவியாக வேண்டும், அன்றைக்கும் சுரக்கும்.

"அந்தப் பதனிய அத்தானுக்குக் குடு தம்பி. காய்ச்சட்டும். ஞாத்துக்கெழம அவுகளுக்கு ஒரு சோலி வேணும். அந்திவரைக்கும் வேணும்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை.

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. விடியுமுன் வாடகை சைக்கிளில் செம்பூர் போய் இரண்டு டின் பதனியோடு எட்டு மணிக்குத் திரும்புவார். சயான் நாக்காவில் போலீஸ்காரர் டின்னைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பாராம். "மீட்டா ஹை சாப், மீட்டா!" இனிப்புத்தான், கள் இல்லை என்று அப்பா ஒரு வாய் குடித்துக் காட்டுவாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரம், மூன்று கல் வைத்து, ஆழமான பழைய அண்டாவில் காய்ச்சுவார். பொங்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவார். கிண்டிக் கிண்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் பாகு பதத்துக்கு வரும். கருப்பட்டியாக உறையச் சிரட்டையில் ஊற்றிவிட்டுக் கை கால் கழுவி, தின்று, தூங்கிப்போவார்.

நான் பார்த்தது வேறு. காடாய் எரிகிற விறகைப் பார்த்தேன். புகையில் அம்மா இருமுவதைப் பார்த்தேன். முக்கியமாக, முறை வராமல் வெயிலில் காத்துக் கிடக்கும் இரண்டாவது டின்னைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல், புளிக்காமலிருக்கப் போட்ட சுண்ணாம்பையும் மீறி அதில் நுரை கட்டும். புளித்த வாடை எழும். அப்பா அதன்மேல் குனிவார். அவர் தொண்டை ஏறி இறங்கும். புளித்தால் அது பதனியல்ல, கள். சீக்கிரம் காய்ச்சி முடித்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று நினைத்தேன். எவ்வளவு தெளிவாக நினைத்தேன்!

மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார் ஒரே அளவு தண்ணீரைச் செம்பிலும் தட்டிலும் ஊற்றி வெயிலில் வைத்துக் காட்டியிருந்தார். தட்டுதான் முதலில் காய்ந்தது. ஆவி போவது மேல்பரப்பிலிருந்து. அப்படியென்றால் அண்டா தப்பு. அகலமாக, ஆழமில்லாமல் வேண்டும். தகர வேலைக்காரரிடம் படம் போட்டுக் கொடுத்து, ஒரு கட்டில் நீளத்துக்குத் தட்டு செய்யச் சொன்னேன். ஈயப் பற்று வேண்டாம், தீயில் உருகிவிடும், மூலைகளை மடித்தே அடியுங்கள் என்றேன். தட்டின் நீளத்துக்கு மண்ணால் அடுப்புக் கட்டினேன். கடைசியில் பழைய டின்களைச் செருகிப் புகைக்குழாய். குழாயின் அடியில் ஒரு டின்னை உட்கார வைத்தேன். வீணாகப் போகும் சூட்டில் அடுத்த பதனி அங்கேயே சூடேறிவிடும். சில்லென்று ஊற்றிக் கொதியை அணைக்க வேண்டியதில்லை.

"தோசக்கல்லுலயால பதனி காய்ச்சுவாவ?" என்றார் அப்பா.

எதிர்வீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னவே, மவன் ரயில் எஞ்சின் செஞ்சிருக்கானா? எத்தன மணிக்கு வண்டி?"

தீ உறுமிக்கொண்டு குழாயில் ஏறியது. தட்டு முழுக்க ஒரே கொதி. புகை மேலே போயிற்று, அம்மா இருமவில்லை. உச்சி வெயிலுக்கு முன்னால் இரண்டு டின்னும் சிரட்டைக்குள் போய்விட்டன. கருப்பட்டி, அடிப்பிடிக்காமல், தேன் நிறத்தில். அப்பா அதை அண்ணாச்சியிடம் நீட்டி, "இந்தாரும், தின்னு பாரும். எம் மவன் படிச்ச படிப்புவே இது" என்றார். அவர் அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு கை கழுவினார். தலை வாரினார். சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டிய?" என்றாள் அம்மா.

"சோலிதான் முடிஞ்சிட்டுல்லா? சும்மா நடந்துட்டு வாரேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் செம்பூரில் அவள் சொன்னது என் புத்தியில் ஏறியது. அப்பா பொழுது சாயத் திரும்பினார், வாய் நிறைய வெற்றிலையோடு. வெற்றிலை எதை மறைக்கும்?

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவர் கண்ணில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. "நான் அந்திவரைக்கும்னு கேட்டேன்யா" என்று மட்டும் அம்மா ஒருநாள் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தட்டைக் கூரைமேல் ஒளித்தேன். "எவனாவது தூக்கிட்டுப் போயிருவான், உள்ள வையில" என்று அப்பா எடுத்து வந்து துடைத்து வைத்தார். அண்டாக் கருப்பட்டிதான் ருசி என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். இன்னும் இரண்டு டின் தர முடியுமா என்று மாமாவிடம் போய் நின்றேன். "பனைய ஏசுனா கூடுதலாச் சொரக்குமால?" என்றார். மாட்டுங்காவுக்கு நடந்து போய் வருகிற வழியெல்லாம் டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்லிப் பழகினேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் புத்தகத்தை விரித்துக்கொள்வேன். மகன் செய்த தட்டைத் தெருவுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

நாலாவது ஞாயிறு, அப்பா செம்பூரிலிருந்து திரும்பும் நேரம் நெருங்கியதும் வாளியை எடுத்துப்போய் விறகுக் குவியலில் தண்ணீரை ஊற்றினேன். ஈர விறகு மெல்லத்தான் எரியும், அந்திவரை இழுக்கும். வேறெதுவும் தோன்றவில்லை. என் மெதுவான தந்திரம், என் வேகமான தந்திரத்துக்கு எதிராக. நிமிர்ந்தபோது பின்வாசலில் அம்மா நின்றாள். உள்ளே போய் இன்னொரு வாளி கொண்டுவந்து, நான் விட்டுவைத்த காய்ந்த கட்டைகள்மேல் ஊற்றினாள்.

அப்பா வந்தார், பற்ற வைத்தார். சீறியது, புகைந்தது, அணைந்தது. ஊதுகுழலால் ஊதினார். மறுபடி அணைந்தது. ஒரு கட்டையை எடுத்துப் பெருவிரலால் அழுத்தினார். தண்ணீர் கசிந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. என் சட்டைக் கையைப் பார்த்தார். முழங்கைவரை நனைந்திருந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். கட்டையை அடுப்பில் திரும்ப வைத்தார்.

"அந்த டாக்டரு இங்கிலீசுல ரொம்ப நேரம் பேசுனாருல்லா?"

"ஆமாப்பா."

"நீ தமிழ்ல ஒத்த வார்த்த சொன்ன."

நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தேன்.

"மிச்சத்தையும் சொல்லிருல."

சொன்னேன். புகைக்கு நடுவில், அவர் முகத்தைப் பார்க்காமல், பழகிய வார்த்தை ஒன்றும் வராமல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊதிக்கொண்டே கேட்டார். முடித்த பிறகும் கொஞ்சநேரம் ஊதினார்.

"அந்த அண்டாவ எடுத்துட்டு வா" என்றார்.

இருட்டும்வரை ஒரு டின்தான் முடிந்தது. இரண்டாவது டின் புளித்து நுரைத்துவிட்டது. அம்மா அதைத் தூக்கிப்போய்க் கால்வாயில் சாய்த்தாள். மடமடவென்று அது விழுகிற சத்தம் நிற்கும்வரை அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.